வானுக்கு ஒரு டச் செற்

வாடகைக்கு ஓடுகிற எங்கள் வானுக்கு, தொட்டால் வேலை செய்கிற திரை உள்ள டச் செற் போடப்போகிறேன் என்று இவர், என் புருசன் தில்லைநாதன், சொன்ன அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. பாட்டுக் கேட்கப் பழைய செற் இருந்தது. வழி காட்ட ஒரு மெசின் தேவையாகவும் இருக்கவில்லை. உயிலங்குளத்திலிருந்து மன்னாருக்கு ஒரே றோட்டு. விட்டால் நேரே கடலில்தான் போய் நிற்கும். பிறகு எதற்கு என்று கேட்டேன். மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வானுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, திரை இருக்கிற வானில் போய் ஏறுகிறார்களாம். முருங்கன் பக்கத்து வான்காரர் இரண்டு பேர் போட்டுவிட்டார்களாம். ஏசி வேலை செய்யாத வானுக்குத் திரை எதற்கு என்று கேட்டேன். இவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குச் சந்தேகக் குணம் என்று ஊரில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, சோற்றுப் பார்சல் தந்தவன் பெயர் கேட்டதற்குப் பொய்ப்பெயர் சொன்னவள் நான். மீள்குடியேறி ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிணறு இறைத்துத் தர வந்தவர்கள், கோழிக்குஞ்சு தர வந்தவர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போனவர்கள் எல்லோரையும் நான் ஒரே கண்ணால்தான் பார்த்தேன். எங்கள் பக்கத்துக்கு யாரும் சும்மா வருவதில்லை. அதனால் செற் எடுக்க இவர் மன்னாருக்குப் புறப்பட்ட அன்று நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கடை ஜுனைதீன் நானாவுடையது. அவர் எருக்கலம்பிட்டி ஆள். தொண்ணூறாம் ஆண்டு எல்லா முஸ்லிம் ஆட்களோடும் இயக்கத்தால் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டு, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து மன்னார் ரவுணில் கடை போட்டவர். கூரையிலிருந்து கலர் கலராக வயர் தொங்கிய கடை. மூன்று செற்றுகளை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பற்றரியில் கொழுவிக் காட்டினார்.

முதலாவது ஜப்பான் செற். ஜப்பானிலிருந்து வந்த காரில் இருந்ததைக் கழற்றியது. சத்தமும் படமும் அவ்வளவு துப்புரவு. ஆனால் அதற்குத் தெரிந்தது ஜப்பான் பாஷை மட்டும். வரைபடமும் ஜப்பானுடையதுதான். வழி காட்டும் பக்கத்தைத் தட்டினால் திரை முழுக்க ஒரே நீலம். தான் கடலுக்கு நடுவில் நிற்பதாக அது நினைக்கிறது என்று ஜுனைதீன் நானா சிரித்தார். மூன்றிலும் எனக்கு நம்பிக்கை வந்தது அதன் மேல்தான். எங்களைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் வழி தெரியாத மெசினை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று இவர் முகத்தைத் தூக்கினார்.

இரண்டாவது மெல்லிசானது, புதுசு. விரல் பட்டதும் ஓடியது. சிம் போட இடம் இருந்தது. வான் எங்கே நிற்கிறது என்று நீங்கள் வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம் தங்கச்சி என்று ஜுனைதீன் நானா பெருமையாகச் சொன்னார். அதை நான் அப்படியே அவர் பக்கம் தள்ளிவிட்டேன். நான் என் வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றால், வேறு யாரோ வேறு எங்கேயோ இருந்தும் பார்க்கலாம்.

மூன்றாவது சீனச் செற். நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும். வெயிலில் பிடித்தால் திரை வெளிறிப்போகும். எங்கள் வானில் பழைய செற் இருந்த ஓட்டை ஒரு தட்டு உயரம். இதற்கு இரண்டு தட்டு வேண்டும். சாம்பல் போடுகிற பெட்டியைக் கழற்றி, கீழ்ப் பலகையை வெட்டவேண்டும் என்று அவர் அளந்து பார்த்துச் சொன்னார். ஆனால் சிம் இல்லை. வரைபடம் ஒரு சின்ன அட்டைக்குள் இருந்தது. வான் நிற்கும் இடத்தை வானத்திலிருந்து அது கேட்டு அறியுமாம், திருப்பி ஒன்றும் சொல்லாதாம். நாங்கள் வானொலி கேட்கிறோம், வானொலிக்காரருக்கு நாங்கள் பேசுவது கேட்குமா என்று கேட்டார். பாதி நம்பினேன். திரைக்குப் பக்கத்தில் ஊசி போகிற அளவு ஓட்டை எதற்கு என்று கேட்டேன். போன் வந்தால் ஓடிக்கொண்டே கதைப்பதற்கு மைக் என்றார். வான் பின்னால் எடுக்கும்போது பார்க்க ஒரு கமரா, அதைச் சும்மா தருகிறேன் என்றார். சும்மா தருவதாகச் சொன்னதும் நம்பிய பாதியிலும் பாதி போய்விட்டது.

இருந்தாலும் மூன்றில் அதுதான் வாய் இல்லாதது. அதைத்தான் எடுப்பது என்று நான்தான் சொன்னேன். இவர் தலையை ஆட்டினார்.

செற்றைப் பூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது திரைக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீசில் வழி சொல்லிக்கொண்டு வந்தாள். கடலுக்கு மேலால் போகிற தாம்போதியைச் சரியாகச் சொன்னாள், சந்திகளைச் சரியாகச் சொன்னாள். பெரிய றோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பியதும் திரை வெள்ளையாகிவிட்டது. குளக்கட்டும் இல்லை, கோயிலும் இல்லை, வயலும் இல்லை. வெறும் வெள்ளைக்குள் ஓர் அம்புக்குறி மட்டும் ஊர்ந்தது. திரும்பு, திரும்பு என்று அவள் கத்தினாள். இவருக்குக் கவலையாகிவிட்டது. எனக்கோ நிம்மதி. ஆனாலும் அன்று பின்னேரம், எதற்கும் இருக்கட்டும் என்று, மைக் ஓட்டைக்கு மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை வெட்டி ஒட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிவராணியக்கா எங்கள் வானில் மன்னாருக்குப் போனா. அவவின் வீடு எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வளவு. சண்டையின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் வைத்து அவவின் கணவர் கஜேந்திரனை அவவின் கண் முன்னால்தான் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம். ஐந்து வருடமாகியும் விடவில்லை. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற ஆணைக்குழு மடுவுக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அங்கே கொடுக்கிற முறைப்பாட்டை எழுதத்தான் சட்டத்தரணியிடம் போனா. முன்சீட்டில் ஏறியதும் பிளாஸ்டரைக் கண்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறா. இவர் சிரித்துக்கொண்டு, பரமேஸ்வரி ஒட்டினது, அது கதை கேட்குமாம் என்று சொல்லியிருக்கிறார். சிவராணியக்கா சிரிக்கவில்லையாம்.

வியாழக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் அவவின் வீட்டுக்கு வந்தார்கள். சிவில் உடுப்பு, புலனாய்வு ஆட்கள். கதிரை போடச்சொல்லி அதில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சட்டத்தரணியிடம் போனீர்கள், நாளைக்கு வெள்ளிக்கிழமையும் போகப்போகிறீர்கள், பிறகு மடுவுக்கும் போகப்போகிறீர்கள், இதெல்லாம் எதற்கு என்று தன்மையாகக் கேட்டார்கள். கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்றார்கள். போகும்போது, மகள் யதுர்சிகா எத்தனையாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் போகிறா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன கையோடு சிவராணியக்கா எங்கள் படலைக்கு வந்தா. உள்ளே வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"பரமேஸ், உங்கட வானுக்குள்ள இருக்கிறது ஆருக்குச் சொல்லுது?"

அது ஒருவருக்கும் சொல்லாது, அப்படிப் பார்த்துத்தான் எடுத்தோம் என்று ஏதோ குழறினேன். அப்படியென்றால் ஏன் அதன் வாயில் பிளாஸ்டர் ஒட்டினாய் என்று கேட்டா. வாய் இல்லாத மெசின் என்று நினைத்து வாங்கி, அதற்கு வாய் இருக்கிறதென்று ஊருக்கே எழுதி ஒட்டியவள் நான்தானே.

வெள்ளிக்கிழமை அவ வெயிலில் பெரிய றோட்டு வரைக்கும் நடந்து போய் பஸ் ஏறினா. அன்றைக்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப்பேர் சைக்கிளில் போனார்கள். அரிப்பு ஊருக்குப் போக இருந்த கலியாண வீட்டுக்காரர் வேறு வான் பிடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். பைப்படியில் நான் குடத்தை வைத்ததும் கதை நின்றது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். முந்திய காலத்தில், காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் வந்தவரை விடியற்காலை லைற் போஸ்டில் பிணமாகக் கண்ட சனம் நாங்கள். இப்போது போஸ்டில் கட்டுவதில்லை. அந்த மனிதரின் வானில் ஏறமாட்டார்கள், அவர் வீட்டுச் சாவுக்கு வரமாட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயரோடு இந்த ஊரில் உயிர் வாழ முடியாது. இனி வேறு எந்த ஊருக்குப் போய் இருப்பது? திரும்பி வருவதற்கே எவ்வளவு பாடுபட்டோம்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஜுனைதீன் நானாவிடம் போனோம். வாசலில் வைத்தே நான் கத்தத் தொடங்கினேன். கமராவைச் சும்மா தந்தது ஏன், இதற்குள் என்ன வைத்துத் தந்தீர்கள், யார் சொல்லித் தந்தீர்கள் என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. வானுக்குள் ஏறி, செற்றைக் கழற்றி, பின் மூடியைத் திறந்து என் மடியில் வைத்தார். சிம் போட இடம் இல்லை, வெளியே சொல்லப் போன் வயரும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கமரா அந்தப் பெட்டியோடேயே வருகிறதாம். சும்மா தருகிறேன் என்றால் வாங்குகிறவர்களுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று சொல்லுகிறதாம். பிறகு மூடியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"தொண்ணூறில எங்கட ஊரில ஆர் ஆர் எந்த வீடு எண்டு காட்டினது மெசின் இல்லை, தங்கச்சி. எங்களோட ஒண்டாத் தேத்தண்ணி குடிச்ச ஆக்கள்."

எனக்கு அது சுட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. கேட்கவில்லை. வானில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

தாம்போதியில் வரும்போதுதான் எனக்கு அது பிடிபட்டது. சிவராணியக்கா வீட்டுக்கு வந்த இரண்டு பேரும் வியாழக்கிழமை வந்தவர்கள். நாளைக்கும் போகப்போகிறீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மெசின் எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் வான் போன இடத்தைத்தானே சொல்லும். போகப்போகிற இடம் அதற்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைப் பயணத்தைச் சிவராணியக்கா பேசியதும் வானுக்குள் இல்லை, எங்கள் படலையடியில். அது தெரிந்தது அவவுக்கு. அடுத்தது எனக்கு. மற்றது, பக்கத்தில் இருந்து வான் ஓட்டிக்கொண்டிருக்கிற இந்த மனிதருக்கு.

நான் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். முகாமில் இவரையும் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். இவரோடு கொண்டுபோன நாலைந்து பேர் இன்றுவரை வரவில்லை. இவர் மட்டும் மூன்றாம் நாள் வந்தார். வந்த சந்தோசத்தில் நான் ஒன்றுமே கேட்கவில்லை. ஏன் விட்டார்கள், என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, என் பக்கத்தில் படுக்கிறவரைச் சந்தேகப்பட இத்தனை வருடம் எடுத்தது. இவர் குளத்தில் தண்ணீர் வற்றுவதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். நான் உம் கொட்டினேன்.

அன்று பின்னேரம் இவர் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று கேட்டேன். தம்பு சித்தப்பாவின் கடைக்கு என்றார். தினமும் போகிறதுதான். நான் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கமாகப் போய், கடையின் பின்பக்கச் சாக்கு மறைப்போடு நின்றேன். தம்பு எனக்கு அம்மாவின் தங்கச்சி புருசன். ஊரில் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொந்தம். மகன் லக்சன் கடைசிச் சண்டையில் காணாமற்போனான். அவனைத் தேடி அவர் ஒரு கந்தோருக்கும் போனதில்லை, ஒரு ஊர்வலத்திலும் நின்றதில்லை. கடையே கதியென்று இருந்துவிட்டார். முன்னால் போட்ட வாங்குப்பலகையில் நாலைந்து பேர் இருந்தார்கள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி, கூலி வேலை செய்துகொண்டு தனியாக இருக்கிற காத்தமுத்துவும் ஒரு மூலையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

இவர் செருப்பைக் கழற்றவும் இல்லை. நின்ற நிலையிலேயே தொடங்கினார்.

"திங்கக்கிழமை மன்னார். சிசிலியா கண் காட்டப் போறா. ஆசுப்பத்திரி எண்டபடியா மத்தியானம் திரும்பிடலாம். மூண்டு சீட் இருக்கு."

புதன்கிழமை என்ன என்று ஒருவர் கேட்டார். புதன்கிழமை மடுவில் சிவராணியின் விசாரணை, என்னோடு வருவாவோ தெரியாது, வந்தால் பொழுதுபடும் என்று இவர் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார்.

இது நான் அறியாததா? இவர் வான் வாங்கிய நாளிலிருந்து நடக்கிறது. ஒருவர் பயணம் பேசினால், அன்று பின்னேரமே கடையில் போய்ச் சொன்னால்தான் மிச்சச் சீட் நிரம்பும். யார் போகிறார், எதற்குப் போகிறார் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். ஆசுப்பத்திரி என்றால் மத்தியானம் வரலாம், சட்டத்தரணி என்றால் பின்னேரமாகும், அரசாங்க வேலையாகக் கச்சேரி என்றால் கடவுளுக்குத்தான் தெரியும். காரணம் தெரிந்தால்தான் மற்றவர்கள் எப்போது வீடு திரும்பலாம் என்று கணக்குப் பார்த்து ஏறுவார்கள். ஊரில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தெரிந்ததாலேயே ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை. பேசாத பெட்டியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் இவரை நான் விட்டுவைக்கவில்லை. சிவராணியக்காவின் செவ்வாயையும் வெள்ளியையும் கடையில் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னனான்தான். சொல்லாமல் எப்பிடிச் சீட் நிரப்புறது? லோயரிட்டப் போறா எண்டும் சொன்னனான். பின்னேரமாகும் எண்டு ஆக்களுக்குத் தெரியவேணுமெல்லோ."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னார் என்று இவருக்கே விளங்கியது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இவர் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை, வெறும் ஓட்டைவாய்தான் என்று தெரிந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் இரண்டு மடங்காக ஏசினேன். பிறகு வாங்கில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். யார் கொண்டுபோய்ச் சொன்னது? காத்தமுத்துதான். தனி ஆள், வெளியிலிருந்து வந்தவர், யாரோடும் அதிகம் கதைக்காதவர். வேறு யாராக இருக்க முடியும்?

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் சிவராணியக்காவிடம் போனோம். இவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவ கேட்டுக்கொண்டு அரிசி புடைத்தா. புதன்கிழமை விடிய முன்னமே யாருக்கும் சொல்லாமல் உங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன், திரும்பி வந்தாலும் யாருக்கும் தெரியாது என்று இவர் சொன்னார். எனக்கு அது சரிவரும் என்று படவில்லை. சிவராணியை விடியப்புறம் தனியாக எங்கேயோ ஏற்றிக்கொண்டு போனான் என்று தெரியவந்தால், கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டான் என்று ஊர் முடிவே கட்டிவிடும். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். காத்தமுத்துவைப் பற்றி நான் நினைத்ததையும் சொன்னேன். சிவராணியக்கா சுளகைக் கீழே வைத்துவிட்டு, ஆள் யாரென்று எனக்கு அறியத் தேவையில்லை என்றா. மடுவுக்குப் போகிறாவா இல்லையா என்றும் தெரியாமல் நாங்கள் திரும்பி வந்தோம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் இவர் கடைக்குப் போகவில்லை. சிவராணியக்கா எங்கள் படலையடியில் வந்து கூப்பிட்டா. மூன்று பேரும் போனோம். வாங்கு நிறைய ஆட்கள். அவ கடைக்கு முன்னால், எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்றா. குரல் நடுங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு நான் மடுவுக்குப் போறன். என்ர மனிசனை எங்க வச்சிருக்கிறியள் எண்டு கேக்கப் போறன். தில்லைநாதன்ர வானிலதான் போறன். பொழுதுபடும் வர. சீட் இருக்கு. இதைக் கொண்டுபோய்ச் சொல்லுற ஆள் பிழையாச் சொல்லக்கூடாது எண்டுதான் நானே வந்து சொல்லுறன். கேக்க இருக்கிற ஆக்கள் ஆரும் எண்டாலும் வாங்கோ."

தம்பு சித்தப்பா தராசில் போட்ட சீனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காத்தமுத்துவைத்தான் பார்த்தேன். அவர் பிளேன்ரீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார். நான் நினைத்தது சரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

காலையில் வானை அம்மன் கோயிலடியில் நிறுத்தினோம். சிவராணியக்கா முன்வரிசையில் மகளோடு இருந்தா. கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு வாய்க்கால் பக்கமிருந்து ஒரு பெண் வந்தா. அவவுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒவ்வொருவர் கையிலும் பொலித்தீன் பையில் சுற்றிய படம். ஐந்து வருடமாக அலுமாரிக்குள் இருந்த படங்கள். கடைசியாகக் காத்தமுத்து வந்தார், முழுக்கைச் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. அவர் கையிலும் ஒரு படம். தம்பியாம். அவருக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. பின்சீட்டில் போய் இருந்தார். என் முகம் எரிந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் வானை எடுக்கப்போன நேரம், தம்பு சித்தப்பா வந்தார். வேட்டி கட்டியிருந்தார். கடை பூட்டியிருந்தது. கடையை ஒரு நாளும் பூட்டாத மனிதர். கதவு வரை வந்தார், ஏறவில்லை. சேர்ட் பையிலிருந்து லக்சனின் படத்தை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை, சிவராணியக்காவைத்தான் பார்த்தார்.

"பிள்ளை, நான்தான் சொன்னனான். ஆர் எங்க போயினம் எண்டு சொன்னாக் காணும், மகனைக் காட்டுறம் எண்டவங்கள். ஊருக்கு வந்த நாளையில இருந்து சொல்லுறன். எல்லாரையும் சொன்னனான். இன்னும் காட்டேல்லை."

பின்னால் இருந்த ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினா. எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல் இருந்தது. யதுர்சிகாவின் பள்ளிக்கூட வழியைக் கேட்டுவிட்டுப் போனவர்களை அந்த வீட்டுக்கு அனுப்பியது இந்த வாய்தானே. மெசினைச் சந்தேகப்பட்டேன், ஜுனைதீன் நானாவைச் சந்தேகப்பட்டேன், காத்தமுத்துவைச் சந்தேகப்பட்டேன், கட்டின புருசனையும் சந்தேகப்பட்டேன். தம்பு சித்தப்பாவை மட்டும் நினைக்கவே இல்லை. என் சொந்தம் என்பதால் நினைக்கவில்லை. அவரைப் பார்க்க வெறுப்பாக இருந்தது. அந்தப் படத்தைப் பிடித்திருந்த கையைப் பார்க்க அதைவிடத் துக்கமாக இருந்தது.

சிவராணியக்கா போடா என்று சொல்லியிருந்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவ பக்கத்துச் சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா.

"ஏறுங்கோ. உங்களை நான் மன்னிக்கேல்லை. ஆனா பெடியன்ர பேரையும் பதியவேணும்."

அவர் ஏறினார். கதவைப் பிடித்து ஏறுவதற்கே சிரமப்பட்டார். நானும் ஏறியதும் இவர் வானை எடுத்தார். பெரிய றோட்டுக்கு வந்ததும், போய்ப் பதிகிற நேரம் தடுமாறக்கூடாது என்று சிவராணியக்கா ஒவ்வொருவரிடமும் அவரவர் தேடுகிற ஆளின் முழுப்பெயரும் வயதும் கேட்டுக்கொண்டு வந்தா. எல்லோரும் சொன்னார்கள். காத்தமுத்துவும் சொன்னார். தம்பு சித்தப்பாவின் முறை வந்தது. ஊரில் யார் யார் எங்கே போகிறார்கள் என்று இத்தனை வருடம் பெயர் பெயராகச் சொன்ன மனிதர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தார், வரவில்லை. பிறகு நான்தான் சொன்னேன். தம்பு லக்சன். இருபத்திரண்டு வயது.